எதைப் பார்த்து வரைந்தது?

உருவப்படம் என்பது ஒருவரைப் போன்ற முகத்தைத் தாளில் கொண்டுவருவது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வரையப்படுபவர் வரலாற்றைச் சேர்ந்தவர், வரைபவரோ அவரை ஒருபோதும் பார்த்திராத பத்து வயதுப் பிள்ளை என்று வரும்போது அந்த விளக்கம் போதாமற் போகிறது. எதிரே அமர்ந்திருக்கும் தாயின் முகத்தை வரையும் பிள்ளைக்குத் தான் இழுத்த கோடு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரை வரையும் பிள்ளைக்கோ, யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காக எடுத்த நிழற்படமோ, அதுவும் இல்லாதபோது ஓர் ஓவியர் தம் மனத்தில் முடிவுசெய்த தோற்றமோதான் கிடைக்கிறது. ஆகவே தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வரலாற்று மனிதரின் உருவத்தை வரையக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர், கையைப் பழக்குவதோடு, ஒரு முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் பழக்க வேண்டியவராகிறார். இலங்கையின் மலையகத்தில், அதிலும் லிந்துலை போன்ற தோட்டப் பகுதியொன்றில், இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அமைந்த லிந்துலை, பழைய டிம்புளை மாவட்டத்துத் தேயிலை மலைகளின் நடுவே கிடக்கும் ஊர். அதைச் சூழ்ந்த தோட்டங்களில் முதலில் கோப்பி பயிரானது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு அதே மலைகளில் தேயிலை ஏறியது. இரண்டுக்கும் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களே. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று இப்பகுதிப் பாடசாலைகளில் சித்திரத்தைப் பாடமாகக் கற்கிறார்கள். சித்திரக் கொப்பியில் வரலாற்று மனிதர் ஒருவரை வரையும்படி சொல்லப்படும்போது அவர்கள் கைக்கு முதலில் வருகிறவர்கள் திருவள்ளுவரும் பாரதியாரும் சுவாமி விபுலாநந்தருமே. இவர்களுடைய படங்கள் பாடநூலிலும் நாட்காட்டியிலும் வகுப்பறைச் சுவரிலும் தாராளமாகக் கிடைப்பதே இதற்குக் காரணம். இவர்களை வரைவதில் குறை ஏதுமில்லை. ஆனால் இந்த முகங்களில் முதலிரண்டும் எப்படி வந்தவை என்று பார்த்தால், உருவப்படக் கலையின் அடிப்படையான சிக்கல் அங்கேயே விளங்கிவிடும்.

திருவள்ளுவரை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆங்கில அதிகாரி எல்லிஸ் துரை வெளியிட்ட பொற்காசில் அவர் குடையின் கீழ் அமர்ந்த துறவியாகத் தோன்றுகிறார். அதற்குப் பின் வந்த அச்சுப் படங்களில் வரைந்தவரின் சமயச் சார்புக்கு ஏற்ப அவருடைய நெற்றியும் உடையும் மாறிக்கொண்டே வந்தன. இன்று தமிழுலகம் முழுவதும் வள்ளுவர் என்று அறியும் உருவம், ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் அதைத் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார். நெற்றியில் எந்தச் சமயக் குறியும் இல்லாமல், வெண்ணிற ஆடையோடும் முடிந்த கொண்டையோடும் தாடியோடும் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்திருக்கும் அந்த உருவம், குறளைப் படித்த ஒருவர் அந்நூலிலிருந்து உய்த்துணர்ந்த மனிதர். அதாவது அது முகத்தின் படமாக இல்லாமல், ஒரு வாசிப்பின் படமாக இருக்கிறது. அந்த வாசிப்பு மிகச் சிறந்தது என்பதனால்தான் நிலைத்தது. ஆயினும் அதை வரையும் பிள்ளை, வள்ளுவர் இப்படித்தான் இருந்தார் என்று நம்பிக்கொண்டு வரைவதற்கும், வள்ளுவரை ஓர் ஓவியர் இப்படி நினைத்தார் என்று அறிந்துகொண்டு வரைவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

பாரதியாரின் நிலை வேறு. 1921 வரை வாழ்ந்த அவருக்கு நிழற்படங்கள் உண்டு, அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்றாலும். அவற்றுள் சிலவற்றில் அவர் தாடியோடும் மெலிந்த உடலோடும் காணப்படுகிறார். ஆனால் பிள்ளைகள் அறிந்த பாரதி, முண்டாசும் முறுக்கிய மீசையும் நிமிர்ந்த பார்வையும் கொண்டவர். அந்தத் தோற்றத்தைப் பரவலாக்கிய ஓவியத்தை வரைந்தவர், 1932ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் மூவண்ணக் கொடியை ஏற்றிய விடுதலைப் போராட்ட வீரர் ஆர்யா என்னும் பாஷ்யம். வறுமையும் நோயும் தெரியும் நிழற்படத்துக்கும், வீரம் மட்டும் தெரியும் ஓவியத்துக்கும் இடையில் மக்கள் ஓவியத்தையே தேர்ந்துகொண்டார்கள். அந்தத் தேர்வைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒரு வகுப்புக்குக் கிடைத்தால், ஓவியர் எதைக் கூட்டினார், எதை விட்டார் என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்; அந்த ஒரு பாடம் பல கொப்பிகள் நிறையப் படியெடுப்பதைவிட மேலானது.

இனி, கை செய்ய வேண்டிய வேலைக்கு வரலாம். முகம் வரையத் தொடங்கும் பிள்ளை ஏறக்குறைய எப்போதும் செய்யும் பிழை ஒன்றுண்டு: கண்களை உச்சந்தலைக்கு மிக அருகில் வைத்துவிடுவது. கண், மூக்கு, வாய் ஆகியவையே முகம் என்று மனம் எண்ணுவதால், அவற்றுக்கு மேலே இருக்கும் மண்டையோட்டின் பெரும் பகுதியைக் கை மறந்துவிடுகிறது. உண்மையில் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரையுள்ள உயரத்தின் நடுக்கோட்டிலேதான் கண்கள் அமைந்திருக்கின்றன. இதைச் சொல்லி நம்பவைப்பதைவிட, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் அடிமட்டத்தையும் கொடுத்துப் பிள்ளையைத் தன் முகத்தையே அளக்கச் செய்வது நல்லது. உச்சியிலிருந்து கண்ணுக்கும் கண்ணிலிருந்து மோவாய்க்கும் ஏறக்குறைய ஒரே அளவு இருப்பதைக் காணும் பிள்ளை அந்தப் பிழையைப் பிறகு எளிதில் செய்யாது. தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்களின் அகலம், இரு கண்களுக்கு இடையே இன்னொரு கண் வைக்கும் இடம் இருக்கிறது, காதுகள் புருவத்தின் மட்டத்துக்கும் மூக்கின் அடிக்கும் நடுவில் அடங்குகின்றன என்பவற்றையும் இவ்வாறே அளந்து அறியலாம்.

இந்த அளவுகள் மேலைநாட்டு ஓவியப் பள்ளிகளிலிருந்து மட்டும் வந்தவை என்று எண்ண வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சிற்பிகள் கைக்கொள்ளும் தாள அளவு முறையில் முகத்தின் நீளம் ஒரு தாளம் எனப்படும். ஒரு தாளம் 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அடிமட்டத்தில் உள்ள அளவைக் குறிக்காது. சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறும் ஒரு கூறு அது, ஆகவே சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். முகத்தை நெற்றி, மூக்கு, வாயோடு சேர்ந்த மோவாய் என மூன்று சம பங்காகப் பகுப்பது சிற்பியின் வழக்கம். லிந்துலைப் பக்கத்துக் கோயில் கோபுரங்களில் சுதைச் சிற்பம் செய்யும் கலைஞரின் கை இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது என்று சொல்லும்போது, பிள்ளைக்கு அளவு என்பது சட்டமாகத் தோன்றாமல் தன் கண்ணுக்குப் பழகிய ஒன்றாகத் தோன்றும். ஆனால் சிற்பிக்கும் உருவப்படம் வரைபவருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சிற்பி தெய்வ உருவத்தை அளவிலேயே முடிக்கிறார். உருவப்படம் வரைபவர் அளவிலே தொடங்கி, இந்த ஒரு மனிதரின் முகம் அந்த அளவிலிருந்து எங்கே விலகுகிறது என்று தேடுகிறார். ஒருவருக்கு நெற்றி மூன்றில் ஒன்றைவிட உயர்ந்திருக்கும், ஒருவருக்குக் கண்கள் கொஞ்சம் விலகியிருக்கும், ஒருவருக்கு மேலுதடு மீசைக்குள் மறைந்திருக்கும். ஒப்புமை, அதாவது பார்த்தவுடன் இன்னார் என்று தெரிவது, அந்தச் சிறு விலகல்களில்தான் இருக்கிறது.

படியெடுப்பதற்குப் பெரும்பாலான வகுப்புகள் கையாளும் முறை கட்டம் போடுவது. மூலப்படத்தின்மேல் சம அளவுக் கட்டங்களை இட்டு, தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களை இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை அதற்குரிய கட்டத்தில் வரைவது இம்முறை. தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் நாற்பதடி சினிமாப் பதாகைகளையும் கட்டவுட்டுகளையும் தீட்டிய ஓவியர்கள் இதைக் கொண்டே ஒரு சிறு நிழற்படத்தைத் தெருவளவு பெரிதாக்கினார்கள். ஆகவே இதை மட்டமான வழி என்று ஒதுக்குவது நியாயமாகாது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு இது தன்னம்பிக்கை தருகிறது, அது முக்கியமானது. ஆனால் கட்டத்தை மட்டுமே நம்பி வளரும் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் கட்டத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறது. அதற்கு மாற்றாக ஒரு பயிற்சி இருக்கிறது. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979இல் வெளியிட்ட நூலொன்றில், பிக்காசோ கோட்டிலே வரைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவத்தைத் தலைகீழாக வைத்து மாணவர்களைப் படியெடுக்கச் சொன்னார். தலைகீழாக இருக்கும்போது மூளைக்கு அது கண், இது மூக்கு என்று பெயர் சொல்லத் தெரியாததால், கை கோட்டை மட்டும் பின்தொடர்கிறது. முடித்துத் திருப்பிப் பார்த்தால் நேராக வரைந்ததைவிட நன்றாக வந்திருக்கும். பணம் எதுவும் வேண்டாத இந்தப் பயிற்சியை எந்தத் தோட்டப் பாடசாலையிலும் செய்துபார்க்கலாம்.

மூலப்படத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பழைய நிழற்படமொன்றைப் புத்தகத்திலிருந்து போட்டோப்பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மறுபடி பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் உள்ள சாம்பல் நிறங்கள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. கன்னம் எங்கே வளைகிறது, கண்குழி எவ்வளவு ஆழம் என்பவற்றைச் சொல்வது அந்தச் சாம்பல் நிறங்களே. அவை போன பிறகு பிள்ளைக்கு எஞ்சுவது இரண்டு கறுப்புக் குழிகளும் ஒரு கறுப்பு மீசையும்தான். நிழலிடக் கற்பதற்கு உயிருள்ள முகத்துக்கு ஈடு இல்லை என்பதற்கு இது முதற்காரணம். லிந்துலையில் அதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பனிமூட்டம் மலையை மூடியிருக்கும் நேரங்களில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, முகத்தில் நிழலே விழாமற் செய்துவிடுகிறது, அது தொடக்கநிலையினருக்குக் கடினமான ஒளி. ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவின் ஒற்றை வாசலுக்குப் பக்கவாட்டில் பாட்டியை உட்காரவைத்தால், வாசல் வழியே வரும் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் விழுந்து மறு பாதியை மெல்ல இருளுக்குள் விடுகிறது. ஐரோப்பாவின் பெரிய உருவப்பட ஓவியர்கள் தம் வேலைக்கூடத்தில் ஒற்றைச் சன்னலைத் தேடி அமைத்துக்கொண்ட ஒளி இதுவே. போதிய காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த அறைகளை யாரும் புகழ வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளை கையிலுள்ள வெளிச்சத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. பெஸ்டல் பெட்டியில் தோல் நிறம் என்று பிள்ளைகள் அழைக்கும் வெளிர்சிவப்புக் குச்சி ஒன்று இருக்கிறது. எந்த முகத்தை வரைந்தாலும் அதையே எடுத்துப் பூசுகிறார்கள். வீட்டில் யாருக்கும் இல்லாத நிறம் அது. மண்நிறத்தின்மேல் மஞ்சளும் கருஞ்சிவப்பும், நிழல் விழும் பக்கத்தில் கொஞ்சம் நீலமும் கலந்து பூசினால் வெயிலிலும் மழையிலும் மலையேறிய முகத்தின் நிறம் வரும். தன் ஆட்களின் நிறத்தை வரையத் தெரியாத பிள்ளை, தன் ஆட்களின் வரலாற்றையும் இரவல் நிறத்திலேதான் வரைய நேரும். இந்த ஒரு விடயத்தில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவும் கற்ற பிள்ளை, வள்ளுவரையும் பாரதியையும் வரைந்த பிறகு, தன் மலையின் மனிதர்களை வரைய நினைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் லிந்துலையின் சிக்கல் தொடங்குகிறது. மலையகத்துக்கு நிழற்படக் கருவி வராமல் இல்லை, மிக முன்னதாகவே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த உருவப்பட நிழற்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் தம் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவில் ஒருவர். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் சொந்தக்காரர். இங்கிலாந்தில் இருந்தபோது கவிஞர் டெனிசனையும் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலையும் சார்ல்ஸ் டார்வினையும் ஜூலியா எடுத்த படங்களே அந்த மனிதர்களின் முகமாக இன்றும் உலகின் நினைவில் நிற்கின்றன. அதே பெண் இலங்கையில் தோட்டத்து ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் எடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவான படங்களே. அவற்றில் உள்ள உழைப்பாளிகளில் ஏறக்குறைய யாருக்கும் பெயர் இல்லை. கருவியும் கையும் கண்ணும் அவையே. டார்வினுக்குக் கிடைத்த பெயர் தோட்டத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாவில் இறந்த ஜூலியாவின் கல்லறை, லிந்துலையிலிருந்து வெகுதூரமில்லாத பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது, அவருடைய பெயரோடு.

ஜூலியாவுக்குப் பின் கொழும்பிலிருந்து இயங்கிய பிளாட்டே போன்ற வணிகப் படக்கூடங்கள், கூடையோடு நிற்கும் பெண்களின் படங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு உலகெங்கும் விற்றன. அந்த அட்டைகளின் அடியில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண் என்ற வகைப்பெயர் மட்டும் இருக்கும். தோட்டத்துக்குள்ளோ மனிதருக்கு எண் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த தகரச்சீட்டு முறையின்படி, இந்தியாவிலிருந்து புறப்படும் தொழிலாளி தோட்டத்தின் எண்ணும் தன் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்தபின் பெரட்டு என்னும் காலை ஆள்திரட்டில் ஆளெண்ணிப் பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறித்தார்கள். பெயர் இருந்த ஏட்டில் முகம் இல்லை, முகம் இருந்த அட்டையில் பெயர் இல்லை. இரண்டையும் ஒட்டவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. மலையக வரலாற்றை வரைய விரும்பும் பிள்ளைக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து இந்த இரண்டு துண்டுகளே.

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. போரில் விழுந்த வீரனுக்குச் சங்க காலத்திலிருந்து நட்டு வந்த நடுகல்லில் செதுக்கிய உருவம், பெரும்பாலும் வில்லோ வாளோ ஏந்திய பொதுவான ஆள் உருவமே. அந்த முகத்தைக் கொண்டு யாரையும் அடையாளம் காண முடியாது. ஆனால் கல்லில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எந்தச் சண்டையில் எதற்காக விழுந்தான் என்பது இருந்தது. முகத்தைக் காப்பாற்ற வழியில்லாத காலத்தில் அந்தச் சமூகம் பெயரையும் செயலையும் காப்பாற்றியது. மலையகத்தின் நினைவும் பலவேளைகளில் இந்த வழியையே பின்பற்றியிருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கோவிந்தன், 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்றபோது தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணன் ஆகியோரை மக்கள் நினைவுகூர்வது பெயராலும் ஊராலும் நாளாலும்தான். அந்த வகையில் ஆண்டுதோறும் நடக்கும் நினைவுக் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு நடுகல்லே.

நிழற்படம் கிடைக்கும் மலையகத் தலைவர்களும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்து, துணி வியாபாரியின் ஆளைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்து, தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தி, 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்டவர் கோ. நடேசய்யர், 1947இல் இறக்கும் வரை மலையகத்தின் முக்கியக் குரல்களில் ஒன்றாக இருந்தவர். அவருடைய பணிகளை எழுத்தாளர் சாரல்நாடன் ஏடுகளில் தேடித் தொகுத்து 1988இல் நூலாக்கிய பிறகே புதிய தலைமுறை அவரை அறிந்தது. அவரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று, தாமே எழுதிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைக் கூட்டத்துக்கு ஈர்த்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள். நடேசய்யரின் படம் அச்சில் வந்த அளவுக்கு மீனாட்சியம்மாளின் படம் வந்ததில்லை. சித்திர வகுப்பில் அவரை வரைய ஒரு பிள்ளை முன்வருமானால், முகத்தைத் தேடும் வேலையே அந்தப் பிள்ளைக்குப் பாதி வரலாற்றுப் பாடமாகிவிடும்.

லிந்துலைப் பிள்ளைகளுக்கு மிக நெருங்கிய வரலாற்று மனிதர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், இந்தக் கட்டுரை சி. வி. வேலுப்பிள்ளையையே முன்வைக்கும். வட்டகொடைக்கு அருகிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் அவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றவர். மறு ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களைப் பெருந்தொகையாக நாடற்றவர்கள் ஆக்கியது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை, சக்தீ பால ஐயாவின் தமிழாக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் 1969இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்த அவருடைய இன்னொரு நூல் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொல்லால் தீட்டிய உருவப்படங்களின் தொகுதி. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களையும் அவர் தேடித் தொகுத்தார். 1984இல் மறைந்த அவரை நேரில் கண்டவர்கள் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருக்கக்கூடும். நிழற்படத்தைப் பார்த்து வரைந்த படத்தை அத்தகைய ஒரு முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்கும் வாய்ப்பு வள்ளுவரை வரைந்த பிள்ளைக்கு ஒருபோதும் கிடைக்காது. வரலாற்றுக்கும் உயிருள்ள நினைவுக்கும் நடுவிலுள்ள கதவு மூடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

படமே இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக மலைக்கு நடந்துவந்த முதல் தலைமுறையினரை நினைவுகூர்ந்து 2023இல் அதே வழியில் நடைபவனி நடந்தது. அந்த முதல் தலைமுறையினரில் ஒருவரை வரைய ஆசைப்படும் பிள்ளையைத் தடுப்பது தகாது. ஆனால் கற்பனையாக ஒரு முகத்தை வரைந்து அதன் அடியில் ஓர் உண்மை மனிதரின் பெயரை எழுதிவிட்டால், சில ஆண்டுகளில் அது பதாகையில் ஏறி, அச்சில் ஏறி, அந்த மனிதரின் முகமாகவே நிலைத்துவிடும். அதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு. கம்பளியைத் தலையோடு போர்த்தி, இடுப்பில் படங்கு கட்டி, நெற்றியிலே கூடைக்கயிற்றின் தடம் பதிந்திருக்கும் பாட்டியை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பிள்ளை வரையலாம். அந்த முகத்தில் நான்கைந்து தலைமுறைகளின் எலும்பும் நிறமும் உழைப்பும் இருக்கின்றன. முன்னோரை எந்த அஞ்சலட்டையையும்விட அது அதிகம் அறியும். படத்தின் அடியில் பாட்டியின் பெயரையே எழுதி, இன்ன தோட்டத்துக்கு முதலில் வந்தவர்களை நினைத்து இவரைப் பார்த்து வரைந்தது என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

பழந்தமிழ், வண்ணம் தீட்டாத கோட்டு வரைவைப் புனையா ஓவியம் என்று அழைத்தது. தொடக்கநிலைப் பிள்ளை செய்யத்தக்கது அத்தகைய படமே: அளந்த கோடு, கண்டதைச் சொல்லும் நிழல், காணாததைப் புனையாத நேர்மை. லிந்துலையிலும் ஆக்கரப்பத்தனையிலும் தலவாக்கலையிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள், அடுத்த முறை வரலாற்று மனிதர் ஒருவரை வரையச் சொல்லும்போது, தாளின் கீழ் விளிம்பில் இரண்டு வரிகளுக்கு இடம் விடச் சொல்ல வேண்டும். ஒன்றில் வரையப்பட்டவரின் பெயர்; மற்றதில், எதைப் பார்த்து வரைந்தது என்பது.